கணப்பு அணைந்த இரவு

மார்கழிக் குளிர் என்றால் எங்கள் ஜலகண்டாபுரத்துக்காரர்களுக்கு என்ன தெரியும்? விடியற்காலையில் தறிக்குழியில் காலை வைத்தால் சற்றுச் சில்லென்றிருக்கும். வெயில் ஏறியதும் அதுவும் மறந்துவிடும். அப்படிப்பட்ட எங்களைச் சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு ஏற்காட்டுக்கு வரும்படி சித்தப்பா எழுதியிருந்தார். அக்காள் தங்கையாகிய நாங்கள் இருவரும் அப்பாயியுமாகத் தாரமங்கலம் வழியே சேலம் போய், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எலுமிச்சம்பழத்தின் துணையோடு கடந்து மேலே சேர்ந்தோம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம்! 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காப்பியைக் கொண்டுவந்து நட்ட மலை. சித்தப்பா அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கர். அவர் குடியிருப்பது சிமெண்டுக் கூரையும் கண்ணாடிச் சன்னல்களும் உள்ள வீடு. சுவரில் பழைய கணப்பு ஒன்று உண்டு. ஆனால் ஹீட்டர் வந்த பிறகு அதை யாரும் தொட்டதில்லை.

இரண்டு இரவுகள் சுகமாய்க் கழிந்தன. மூன்றாம் நாள் மாலை தூறலும் காற்றும் மூடுபனியும் சேர்ந்துகொண்டன. பட்டென்று ஹீட்டர் அணைந்தது. சற்று நேரத்தில் மின்சாரமும் போயிற்று. சரி, கணப்பு இருக்கிறதே என்று சித்தப்பா விறகை அடுக்கிப் பற்ற வைத்தார். புகை மேலே போகவில்லை. முழுவதும் எங்கள் மேல் வந்தது! புகைபோக்கியை எதுவோ அடைத்திருந்தது. இருமியபடி தண்ணீர் ஊற்றி அணைத்தோம்.

குளிர் எலும்பைத் தொட்டது. சித்தப்பா சன்னல் இடுக்குகளில் காகிதமும் கதவடியில் சாக்கும் திணித்தார். அப்போதுதான் அப்பாயி சொன்னார்: "இதுக்கு என்னடா யோசனை? கரியைக் கங்காக்கி ஒரு சட்டியில கொண்டாந்து உள்ள வை. புகையே வராது."

புகையே வராது! அதுதானே ஆபத்து? வேதியியல் வகுப்பில் சகோதரி சொன்னது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். விறகுப் புகையாவது கண்ணைக் கரித்து எழுப்பிவிடும். இதுவோ தலைவலியும் மயக்கமும் தந்து, தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதியறை ஒன்றில் கரி அடுப்பின் புகையால் இரண்டு பேர் இறந்த செய்தியையும் படித்திருந்தோம்.

ஆனால் அப்பாயியை எதிர்த்துப் பேசுவது யார்? இருட்டில் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டோம். கடைசியில் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டோம்.

"உங்கப்பனைப் பெத்தப்ப பதினாறு நாள் கட்டிலுக்கடியில கங்குச் சட்டிதான். செத்தா போயிட்டேன்?" என்றார் அப்பாயி. சித்தப்பாவும் கங்கை எடுக்கக் கிளம்பிவிட்டார்.

அது உண்மைதானே, என்ன பதில் சொல்வது? சற்று யோசித்து, "அப்பாயி, நம்முடையது ஓட்டு வீடாயிற்றே! படுத்தால் ஓட்டுச் சந்தில் வானம் தெரியும், மழைக்குப் பாத்திரம் வைக்கிறோம். அந்த வழியாக எல்லாம் போயிருக்கும். இங்கே எறும்பு நுழையக்கூட இடமில்லையே" என்றோம். அப்பாயி தலையை நிமிர்த்திச் சிமெண்டுக் கூரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சித்தப்பா சட்டியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டார்.

அதில் வெந்நீர் போட்டுப் புட்டிகளில் நிரப்பி, துண்டு சுற்றி அப்பாயியின் காலடியில் வைத்தோம். ஊரிலிருந்து கொண்டுவந்த நெசவுப் போர்வைகளின் நடுவே செய்தித்தாள்களை விரித்து, மூவரும் ஒரே கட்டிலில் ஒடுங்கினோம். செபமாலை சொன்னோம். அப்பாயி பதிலுக்கு வாய் திறக்கவில்லை. குளிரைவிட அதுதான் எங்களை வாட்டியது. இருமுறை எழுந்து வெந்நீர் மாற்றினோம்.

விடிந்ததும் சித்தப்பா ஏணி வைத்து ஏறிப் புகைபோக்கியிலிருந்து ஒரு கூடை சுள்ளியை வெளியே இழுத்தார். ஏதோ பறவையின் கூடு. "முட்டை கிட்டை இருந்துச்சாடா?" என்றார் அப்பாயி. அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு. இல்லை என்றதும் எங்களிடம் காப்பி கேட்டார்.

ஊர் திரும்பிய அன்றிரவு அப்பாயி படுத்தபடி நெடுநேரம் ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கு மூலையில் ஓர் ஓடு விலகியிருந்தது. மாற்றச் சொல்லி அப்பாவை மூன்று மாதமாக நச்சரித்து வந்தவர், அன்று அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.