கடல் கொண்டார் மக்கள்

பேரிடர் ஒன்று நேர்ந்தால் இறந்தாரை எண்ணுதற்கு அரசினர் உளர். இடிந்த மனைகளை எண்ணுதற்கும் உளர். தாய் தந்தையரை இழந்து தனித்து நிற்கும் குழந்தை இனி யாருடையது என்னும் வினாவிற்கோ விடை எளிதிற் கிடைப்பதில்லை. சென்ற ஆண்டு எம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தில் இதுவே சொற்போர்ப் பொருளாயிற்று. பேரிடரில் ஆதரவிழந்த குழந்தையை எச்சமயத்தாரும் தத்தெடுக்கலாம் என்னும் கட்சி எம்பால் வந்தது.

யாம் நன்கு பேசியதாகவே எண்ணினோம். மோசேயைப் பார்வோன் குமாரத்தி எடுத்து வளர்த்ததையும், பவுல் அடியார் இறைவனுக்கும் மாந்தர்க்கும் உள்ள உறவைப் புத்திர சுவிகாரம் என்னும் சொல்லால் விளக்கியதையும் கூறினோம். பின்னர் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை எடுத்துக்கொண்டோம். அன்று இந்தோனேசியாவின் அச்சே மாநிலம் பெரிதும் அழிந்தது. அடுத்த திங்களிலேயே அந்நாட்டரசு, 16 வயதிற்குட்பட்ட சிறாரைப் பெற்றோரின்றி அங்கிருந்து வெளியே கொண்டு செல்லலாகாதெனத் தடுத்தது. அச்சேச் சிறார் 300 பேரை ஜகார்த்தாவில் கிறிஸ்தவ இல்லமொன்றில் வளர்க்கக் கருதிய அமெரிக்க அமைப்பொன்று தன் எண்ணத்தைக் கைவிட்டது. தத்தெடுப்போர் குழந்தையின் சமயத்தினராகவே இருத்தல் வேண்டும் என்பதும், அச்சமயம் தெரியாதாயின் அவ்விடத்துப் பெரும்பாலோர் சமயமே கொள்ளப்படும் என்பதும் அந்நாட்டு 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள். இவற்றைச் சொல்லி, "பசித்தழும் குழவிக்குச் சமயம் உண்டோ?" என்று யாம் வினவியபோது அவையிற் கையொலி எழுந்தது.

எதிர்க்கட்சி பேச எழுந்தவர் எம் விடுதித் தோழர், இஸ்லாமியர். அவர் சினந்திலர். நபி பெருமானார் தந்தை முகம் காணாது பிறந்து, இளமையிலேயே தாயையும் இழந்தவர்; ஆகலின் அநாதைகளைப் பேணுதல் தம் மார்க்கத்திற் பேரறம் என்று தொடங்கினார். ஆயினும் வளர்ப்போர் தம் பெயரைச் சூட்டிப் பெற்ற தந்தையின் பெயரை மறைத்தல் தகாது என்பதே தம் மறையின் விதி என்றார். பின் எம்மை நோக்கி, "நண்பரே, நாளை ஓர் இடரில் உங்கள் தங்கை தனித்து நின்றால், எங்கள் வீட்டில் தொழுகை பயின்று வளருமாறு மனமுவந்து கொடுப்பீர்களா?" என்று கேட்டு அமர்ந்தார்.

யாம் விடையிறுத்திலேம். வெற்றி எமதென்று நடுவர் கூறினார். எமக்கு அது வெற்றியாகத் தோன்றவில்லை. கொள்ளும் கையின் பக்கம் நின்றே பேசினோம். கொடுக்கும் கையின் பக்கம் ஒருகாலும் நின்று பார்த்திலேம்.

அடுத்த விடுமுறையில் இவ்வினாவைச் சுமந்துகொண்டு பெரியம்மையார் இல்லம் சென்றோம். அவர்க்கு மக்கட்பேறில்லை. நாகைக் கடற்கரையில், அவ்வலையிற் பெற்றோரை இழந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை, அவள் பாட்டியின் இசைவோடு 2005-இல் ஏற்று வளர்த்தார். மீனவர் குடியிற் பிறந்த இந்துப் பெண் அவள்; யாம் அக்காள் என்றழைத்தே வளர்ந்தோம். 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோர்க்கே உரியது. ஆகவே பெரியம்மையார் 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளர் என்னும் பெயரையே பெற்றார். சட்டத்தின் கண்ணில் அவர் தாயல்லர். 2006-இல் திருத்தப்பெற்ற இளைஞர் நீதிச் சட்டம் எல்லாச் சமயத்தார்க்கும் வழி திறந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஒருமுறை நீதிமன்றப் படியேறிச் சலித்த பெரியம்மையார் மறுமுறை ஏற விரும்பாது, வீட்டை அக்காள் பெயருக்கு உயில் எழுதி அமைந்தார்.

தோழர் வினாவைச் சொன்னோம். "அவள் பாட்டி அன்று என்னிடம் கேட்டதும் அதுதான், தம்பி" என்றார் அவர். பின் அக்காளின் பள்ளிச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். பெயருக்கு முன் நின்ற எழுத்து எம் பெரியப்பாவின் பெயருக்குரியதன்று. கடலில் மறைந்த தந்தையுடையது. "அது அவள் அப்பனுடைய எழுத்து. அதை எடுக்க நான் யார்?" என்றார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்பொழுது என்று சபையார் பலகால் வினவினர். "அவள் கேட்கும் நாளில்" என்பதே அவர் மறுமொழி. கிறிஸ்து பிறந்த நாளில் அக்காள் பெரியம்மையாரோடு ஆலயத்தில் அமர்வாள். மறுநாட் காலை இருவரும் கடற்கரை செல்வர். அக்காள் தன் சுற்றத்தாரோடு நின்று பாலும் பூவும் அலையில் இடுவாள். பெரியம்மையார் சற்றுப் பின்னே நின்று தமக்குத் தெரிந்த செபத்தைச் சொல்வார்.

அன்றிரவு எமக்கு மணிமேகலையின் ஆபுத்திரன் நினைவு வந்தது. பெற்றவள் கைவிட, ஏழு நாள் ஆவொன்று பாலூட்ட, பின் இளம்பூதி என்னும் அந்தணன் மகனாக ஏற்று மறை பயிற்றினான். அப்பிள்ளை வேள்விக்குரிய பசுவை விடுவித்தபோதோ, வளர்த்த தந்தையே அவனை வீட்டினின்றும் நீக்கினான். தன் நெறியில் நிற்கும் வரையில் மட்டும் மகன் என்று கொள்ளும் வீடு வீடாகுமா? இவ்வினா அந்தணன் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. ஞானஸ்நானத்திற்கு நாள் கேட்ட எம் சபையார்க்கும், கையொலியில் மகிழ்ந்த எமக்கும் உரியது.

கொள்வார் சமயம் யாதென்று சட்டங்கள் கேட்கின்றன. இறந்த பெற்றோரை நினைக்க அப்பிள்ளைக்கு அவ்வீட்டில் இடமுண்டா என்பதே முதற்கண் கேட்கத்தக்கது என்று யாம் துணிகின்றோம். தோழரின் மறை விதித்ததும், அம்மறையை அறியாத பெரியம்மையார் செய்ததும் அவ்வொரு எழுத்தில் வந்து கூடுகின்றன அல்லவா?

விடுதிக்கு மீண்டதும் தோழரிடம் எம் விடையைச் சொன்னோம்: "எளிதிற் கொடேம். எம் தந்தையின் எழுத்தை அவள் பெயரில் நிறுத்தி, எம் பெற்றோர் நினைவு நாளில் அவளைக் கல்லறைக்கு அழைத்துச் செல்லும் வீடாயின், அழுதுகொண்டேனும் கொடுப்போம்." அவர் நெடுநேரம் வாளாவிருந்து, "என் தங்கைக்கும் அதுவே என் விடை" என்றார்.