மேடு ஏறத் தேவையான சக்தி

கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது 1902இல். ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். வீட்டு விளக்குக்காக இல்லை, சுரங்கத்துக்காக. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்திலிருந்து ஆளையும் பாறையையும் தூக்கும் இயந்திரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று யாரும் குத்துமதிப்பாகச் சொல்லிவிட முடியாது. எவ்வளவு எடை, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரத்தில் என்று மூன்றும் தெரிய வேண்டும். மோட்டார் வைத்த சைக்கிளுக்கும் கணக்கு இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “எவ்வளவு ஸ்பீடு போகும்?”

தங்கவயல்தான் எங்கள் ஊர், சமதளம் இல்லை. மாரிகுப்பம், ஆண்டர்சன்பேட்டை, ஊரிகம், ராபர்ட்சன்பேட்டை என்று எங்கே போனாலும் ஏற்றமும் இறக்கமும்தான். 65 கிலோ ஆள், 25 கிலோ சைக்கிள், பின்னால் கேரியரில் 30 கிலோ காஸ் சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். நூறு அடிக்கு ஐந்தடி உயரும் மேட்டில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, சக்கர உராய்வையும் சேர்த்தால், சுமார் 230 வாட் போதும். சாதாரண உடல்வாகு உள்ளவர் தொடர்ந்து மிதித்தால் 75 முதல் 100 வாட் தருவார். ஆக, 250 வாட் மோட்டார் ஒன்று கூட இருந்தால் அவர் வியர்க்காமலே ஏறிவிடலாம். சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் அது தாராளம்.

அப்படியானால் சாதாரண சைக்கிளில் மாட்டும் 1,000 வாட் மோட்டார் கிட் எதற்கு? காற்றுக்குத்தான். வேகம் இரு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். நிமிர்ந்து உட்கார்ந்து 45 கிலோமீட்டர் வேகத்தில் போக 800 வாட்டுக்கு மேல் வேண்டும். அதில் முக்கால்வாசிக்கு மேல் காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. கூடுதல் வாட்டுக்குக் கொடுக்கும் பணம் மேடு ஏறுவதற்குப் போவதில்லை. பிரேக்கோ அதே பழைய ரப்பர் கட்டைதான். 25இல் ஓடும் சைக்கிளை நிறுத்துவதைவிட 45இல் நிறுத்த, பிரேக் மூன்று மடங்குக்கு மேல் உழைக்க வேண்டும். இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் பக்கம் பையன்கள் சிலர் இந்தக் கிட்டை மாட்டிக்கொண்டு இறக்கத்தில் பறப்பதை நான் பார்க்கிறேன்.

என் பெரியப்பா அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் இந்த ஊர்த் தொழிலாளிகளுக்குப் புதிதல்ல. அவரும் தப்பவில்லை. மேடு வந்தால் இறங்கித் தள்ளுவார், தள்ளும்போதே இரண்டு முறை நிற்பார். மிதிக்கும்போது மட்டும் மோட்டார் உதவும் பெடல் அசிஸ்ட் சைக்கிள் ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்தாள். ஆக்சிலரேட்டர் வைத்தது வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். “சும்மா ஒக்காந்துனு போறதுக்கு பஸ்ஸு இருக்குதே. கால் ஆடணும்டா. மூச்சு மட்டும் வாங்கக் கூடாது.” எத்தனை வாட் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எந்தப் பொறியாளரிடமும் கேட்டதில்லை. சுரங்கம் அவர் மூச்சிலிருந்து எடுத்துக்கொண்டதை அந்த மோட்டார் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. அவர் கால்களின் வேலையை அது பறிப்பதில்லை.

நம் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறது. முப்பது நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் 25 கிலோமீட்டரை எட்டினாலோ, மிதிப்பதை நிறுத்தினாலோ மோட்டார் ஓய்ந்துவிட வேண்டும். அப்படி இருந்தால் அது மோட்டார் வாகனம் அல்ல. நம்பர் பிளேட்டும் லைசென்சும் தேவையில்லை. ஐரோப்பாவிலும் இதே 250, இதே 25. அமெரிக்காவில் 750 வாட் வரை விடுகிறார்கள். எங்கள் தெருக்களுக்கு அது பொருந்தாது. அந்த ‘முப்பது நிமிடம்’ முக்கியம். மேட்டில் சில நொடிகளுக்கு மோட்டார் அதைவிடக் கூடுதலாக இழுக்கலாம்.

அதைத் தாண்டியும் சக்தி வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பக்கத்து ஓசூரில் 1980இல் பிறந்த டிவிஎஸ் 50க்கும் பெடல் இருந்தது. ஆனால் அதைச் சைக்கிள் என்று யாரும் ஏமாற்றவில்லை. நம்பர் பிளேட் இருந்தது, மொபெட் என்ற பெயர் இருந்தது. அதன் இன்றைய வாரிசான எக்ஸ்எல் 100 சுமார் 4.3 குதிரைத்திறன் தருகிறது, அதாவது 3,200 வாட். மூட்டை ஏற்றிப் பிழைப்பவருக்கு அது நேர்மையான வண்டி. 1,000 வாட் சைக்கிள் அந்தப் பொறுப்பு எதையும் ஏற்காமல் அந்த வேகத்தை மட்டும் கேட்கிறது.

பந்தயம் வேறு விஷயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2019இல் கனடாவின் மான்ட்-செயின்ட்-ஆனில் மின் மலைச் சைக்கிளுக்கு முதல் உலகப் போட்டி நடந்தபோது அங்கேயும் 250 வாட், 25 கிலோமீட்டர் என்றே வரம்பு வைத்தார்கள். மோட்டார் எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டால், செங்குத்துப் பாதையில் யார் எங்கே எப்படி மிதிக்கிறார் என்பதுதான் வெற்றியைத் தீர்மானிக்கும். 2016இல் பெல்ஜிய வீராங்கனை பெம்கே வான் டென் டிரீஷவின் சைக்கிளில் ஒளித்து வைத்த மோட்டார் பிடிபட்டது. ஆறு ஆண்டுத் தடை விதித்தார்கள். அந்த மோட்டாரின் வாட் எவ்வளவு என்பது அங்கே பொருட்டே இல்லை. மோட்டார் கூடாத பந்தயத்தில் அதை ஒளித்து வைத்ததுதான் குற்றம்.

எங்கள் பையன்களுக்கும் பந்தயம் வேண்டும், நடத்தட்டும். ரோட்டை விட்டு, வண்டி வராத மண் மேட்டில், எல்லோருக்கும் ஒரே 250 வாட். ஏறும் பந்தயமாக இருக்கட்டும். விடியுமுன் பெங்களூர் ரயிலுக்கு ஓடும் ஆயிரக்கணக்கானோருக்கு வேண்டியதும் ஏறும் சக்திதான். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் ரயில் நிலையங்களின் சைக்கிள் ஸ்டாண்டில் பூட்டி வைக்க ஓர் இடமும் ஒரு பிளக் பாயிண்டும் கொடுத்தால், அவர்களில் பலர் இந்தச் சைக்கிளுக்கு மாறுவார்கள். கடைக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஒவ்வொரு கிட்டின் மேலும் வாட்டை எழுதும் அதே இடத்தில், அது எந்தப் பிரேக்குக்கு ஏற்றது என்பதையும் எழுதட்டும்.