ஆள் இல்லாத அறையின் விளக்கு

வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதிகளில் ஒரு வரி உண்டு. ஆளறியும் சென்சார் பொருத்திய அறையில், இருந்தவர் வெளியேறிய 15 நிமிடத்துக்குள் விளக்குகள் தாமாக அணைந்துவிட வேண்டும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2007இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய அந்த விதித்தொகுப்பை எங்கள் தொழிலில் ‘ஈசிபிசி’ என்போம். மின்வேலையிலேயே தலை நரைத்தவன் நான். அந்தத் தொகுப்பின் நீண்ட அட்டவணைகளையெல்லாம்விட இந்த ஒரு வரியைப் பெரிதாக மதிக்கிறேன். பலர் கூடிப் புழங்கும் இடத்தில் விளக்கை அணைப்பது யார் வேலை என்ற கேள்வியை அது நேராக எதிர்கொள்கிறது.

வீட்டில் அந்தக் கேள்வி எழாது. கடைசியாகப் படுக்கப்போகிறவர் அணைப்பார். மறந்தால் மறுநாள் காலையில் பேச்சு கேட்பார். பில் வந்தால் யார் வயிறு எரியுமோ அவர் கண் எப்போதும் சுவிட்சின் மேலேயே இருக்கும். அலுவலகத்தில் பில் கட்டுகிறவர் வேறு ஊரில் இருப்பார். உட்கார்ந்து வேலை செய்கிறவர் அந்தப் பில்லைப் பார்த்தே இருக்கமாட்டார். பெருக்க வரும் அம்மாள், எதைத் தொட்டால் யார் திட்டுவார்களோ என்று எதையும் தொடமாட்டார். காவலாளிக்குச் சாவிக்கொத்துதான் பொறுப்பு. இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த விளக்குக்கு என்று ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மைசூரிலும் பெங்களூரிலும் நான் வேலை பார்த்த பல கட்டடங்களில் ஒரு தளம் முழுவதற்கும் சேர்த்து டிபி என்னும் மின்பகிர்வுப் பெட்டியில் இரண்டு மூன்று எம்சிபி பிரேக்கர்கள்தான் இருக்கும்; சுவரில் சுவிட்சே இருக்காது. காலையில் காவலாளி வந்து அவற்றைத் தூக்கிவிடுவார், தளம் முழுக்க எரியும். மாலையில் எல்லாரும் போய் ஒரே ஒருவர் மட்டும் கணக்கு முடிக்க உட்கார்ந்திருந்தாலும் தளம் முழுக்கத்தான் எரியும். அவர் போகும்போது காவலாளி கீழே இருப்பார். விடிய விடிய எரிந்துகொண்டே இருக்கும்.

இதன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2017 விதித்தொகுப்பு அலுவலகக் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்கு 9.5 வாட் வரை விளக்குக்கு அனுமதிக்கிறது. 1,000 சதுர மீட்டர் தளம் என்றால் 9.5 கிலோவாட். ஆள் இல்லாமல் ராத்திரி 10 மணி நேரம் எரிந்தால் 95 யூனிட். வருஷத்தில் 300 ராத்திரி அப்படிப் போனால் 28,500 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறார்கள், வருஷத்துக்கு 600. அப்படியானால் 47 வீடுகளின் ஓராண்டு இலவச மின்சாரத்தை ஒற்றைத் தளத்தின் காலி நாற்காலிகள் தின்றுவிடுகின்றன. பகலிலும் இதே கதைதான், கூடவே இன்னொரு செலவும் சேரும். விளக்கு கக்கும் சூட்டை ஏசி வெளியேற்றியாக வேண்டும். மூன்று யூனிட் விளக்குக்கு எரித்தால் ஏறக்குறைய ஒரு யூனிட் அதைக் குளிர்விக்கப் போகும்.

இதற்கு நம் ஊரில் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் அறிவிப்பு ஒட்டுவது. ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்று சுவிட்ச் போர்டுக்கு மேல் ஒரு காகிதம். ஹெப்பால் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் மேலாளர் ஒருவர் மாதாமாதம் கூட்டம் போட்டு இதையே பேசினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அந்த மாதம் கொஞ்சம் குறைந்தது, அடுத்த மாதம் பழையபடி ஏறியது. ஆறு பேர் பொறுப்பு என்றால் அறுவரும் மற்ற ஐவரை நினைத்துக்கொள்கிறார்கள். வயதான தாய் தகப்பனுக்கு நான்கு பிள்ளைகள் இருந்து, ராத்திரி மாத்திரை கொடுப்பது யார் என்று பேசி வைத்துக்கொள்ளாத வீட்டில் மாத்திரை டப்பா நிறைந்தே கிடப்பதும் இப்படித்தான். நாலு பேருக்கும் பாசம் இருக்கும். ஏற்பாடு இருக்காது.

நான் இப்போது இருப்பது கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து மேல்கோட்டையில். இந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. திருநாராயணபுரம் என்று தமிழ் வைணவர்கள் வணங்கும் இந்தத் தலத்தில் ராமானுஜர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார் என்பது மரபு. ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும்முன் கோயில் காரியங்களை ஐம்பத்திரண்டு பேரிடம் ஒப்படைத்தார் என்றும், அவர்களுக்கு ‘ஐம்பத்திருவர்’ என்று பெயர் என்றும் இங்கே சொல்வார்கள். பக்தியோடு இருங்கள், எல்லாம் நடக்கும் என்று சொல்லிவிட்டு அவர் புறப்படவில்லை. இன்ன கைங்கரியம் இன்னாருக்கு என்று வைத்துவிட்டுப் போனார். அவர் இல்லாத நாளிலும் காரியம் நடக்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது.

இங்கே பெருமாளுக்கு வைரமுடி என்ற கிரீடம் சூட்டும் உற்சவத்தையும் பாருங்கள். அந்தக் கிரீடம் வருஷம் முழுவதும் மண்டியாவில் அரசுக் கருவூலத்தில் இருக்கும். பங்குனியில் அந்த ஒரு நாள் காவலோடு மேல்கோட்டைக்கு வரும். பகல் வெளிச்சம் அதன்மேல் படக் கூடாது என்பது மரபு, அதனால் புறப்பாடு ராத்திரியில்தான். யார் கையில் இருந்து யார் கைக்குப் போகிறது, எப்போது திரும்புகிறது என்பதெல்லாம் எழுத்தில் நடக்கும். அன்று ராத்திரி ஊரே விளக்கு வெள்ளத்தில் இருக்கும், நானும் கூட்டத்தோடு நின்று அதைப் பார்ப்பேன். ஆயிரக்கணக்கான கண்கள் பார்க்க எரிகிற விளக்கை வீண் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். என் வழக்கு, ஒரு கண்ணும் பார்க்காத விளக்கோடுதான்.

விதித்தொகுப்பும் இந்த வேறுபாட்டை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. 300 சதுர மீட்டரைத் தாண்டிய கட்டடத்தில் உள்விளக்குகளில் 90 சதவீதம் தானியங்கிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கிறது. நேரம் குறித்து வைத்த டைமராக இருக்கலாம், ஆளை உணரும் சென்சாராக இருக்கலாம். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டல்களில் பொது நடைபாதை விளக்குகளில் குறைந்தது 70 சதவீதம் சென்சாரில் இருக்க வேண்டும், ஆனால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நடுராத்திரியில் அறைக் கதவைத் திறக்கும் விருந்தாளிக்குக் கும்மிருட்டு எதிர்ப்படக் கூடாது என்று மிச்சத்தை விட்டுவைத்திருப்பதாகவே நான் புரிந்துகொள்கிறேன். தீயணைப்புக்கும் அவசரத்துக்கும் உள்ள விளக்குகளை இது தொடவே தொடாது. வெளிவிளக்குகளுக்கு ஃபோட்டோ செல் வேண்டும், அல்லது சூரியன் உதிக்கும் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும் டைமர் வேண்டும். நேரம் கடந்து வேலை செய்கிறவர் டைமரை மீறி விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சலுகை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடிக்காது. இன்னும் ஒன்று. சென்சார் வைத்த இடத்திலும் சுவரில் ஒரு சாதாரண சுவிட்ச் இருந்தே ஆக வேண்டும். உள்ளே இருக்கும் மனிதன் போதும் என்று நினைத்தால் தன் கையால் அணைக்க முடிய வேண்டும். இயந்திரத்துக்கு வேலை கொடுத்த பிறகும் மனிதனின் கையை வெட்டிவிடாத இந்த விதியை எழுதியவர்களை நான் வணங்குகிறேன்.

ஜன்னலோர விளக்குகளுக்கும் தொகுப்பில் ஒரு விதி உண்டு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காகிதத்தில் எளிதாகவும் கட்டடத்தில் கடினமாகவும் இருப்பது இதுதான். பகல் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் உள்ள விளக்குகளைத் தனியாக அணைக்கவோ மங்கவைக்கவோ வழி இருக்க வேண்டும் என்பது விதி. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் வயரிங் நடக்கும்போது என்ன நடக்கும் தெரியுமா? டிபி பெட்டி லிஃப்ட் பக்கம் இருக்கும். அங்கிருந்து ஜன்னலை நோக்கி நேராக லூப் இழுத்துக்கொண்டே போனால் வயர் மிச்சம், கூலி மிச்சம். அப்படிப் போட்ட ஒரு சர்க்யூட்டில் சுவரோரத்து இருட்டு விளக்கும் ஜன்னலோரத்து விளக்கும் ஒன்றாகக் கோத்திருக்கும். ஜன்னல் பக்கம் வெயில் கண்ணைக் கூசவைத்தாலும் அதை மட்டும் அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே இருப்பவர் மேசையும் இருண்டுவிடும். ஜன்னலுக்கு இணையாக, வரிசை வரிசையாக வயர் போட வேண்டும். முதல் வரிசை ஒரு சர்க்யூட், அடுத்த வரிசை இன்னொன்று. ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன் இதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது. மூடிய பிறகு திருத்தப் போனால் கூரையையே பிரிக்க வேண்டும். எத்தனையோ கட்டடங்களில் விலை உயர்ந்த வெளிச்ச சென்சாரை வாங்கிப் பொருத்திவிட்டு, அது கட்டுப்படுத்த ஒரு தனி வரிசைகூட இல்லாமல் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வரைபடத்திலேயே கோடு சரியாக விழ வேண்டும்.

சென்சாரை ஜனங்கள் வெறுப்பதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலானவை உடம்புச் சூட்டின் அசைவைப் பார்த்து ஆள் இருப்பதை அறிகின்றன. குனிந்து ஒரு மணி நேரம் கணக்கு எழுதும் குமாஸ்தா அசையமாட்டார். பட்டென்று விளக்கு அணையும். அவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவார். நான்கு முறை அப்படி ஆனால் ஐந்தாம் முறை ஸ்டூல் போட்டு ஏறி சென்சார்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார், அல்லது வயர்மேனைக் கூப்பிட்டு நேர் இணைப்புக் கொடுத்துவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. மிச்சக் கணக்கைக் காட்டும் ஆசையில் ஒரு நிமிடத்தில் அணையும்படி வைத்துவிட்டுப் போனவர் மேல்தான் குற்றம். விதி 15 நிமிடம் வரை இடம் கொடுத்திருக்கிறது. அசையாமல் உழைக்கிறவனுக்காகக் கொடுத்த இடம் அது. கழிப்பறையில் தடுப்புக் கதவுக்குப் பின்னால் இருப்பவரை இந்த வகை சென்சார் பார்க்காது. அங்கே ஒலியலையால் உணரும் வகையைப் போட வேண்டும். உட்கார்ந்திருப்பவரை அவமானப்படுத்தும் சிக்கனம் ஒருநாளும் நிலைக்காது. இதை வீட்டுப் பெரியவர்களும் கேட்டுக்கொள்ளலாம்: படிக்கிற பிள்ளையின் தலைக்கு மேல் எரியும் விளக்கை அணைத்துச் சேமிப்பைக் கற்றுக்கொடுக்க முடியாது.

மின்சாரத்தை இவ்வளவு பெரிதாகப் பேசுவானேன் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். இதே மண்டியா மாவட்டத்தில் காவிரி விழும் சிவசமுத்திரத்தில் 1902இல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. முதல் மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பியில் கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்தச் சுரங்கங்களில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் தமிழ் ஜனங்கள். பெங்களூருக்கு 1905இலும் மைசூருக்கு 1908இலும்தான் வெளிச்சம் வந்தது. அந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்ட மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். கம்பியில் மின்சாரம் ஓடியதைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் பாடுபட்டுக் கொண்டுவந்த ஒன்று காலி அறையில் எரிவதை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

தட்டுப்பாடு வந்தால் எல்லாரும் அணைக்கக் கற்றுக்கொள்வார்கள். ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு 2011 கோடையில் டோக்கியோ அலுவலகங்கள் பாதி விளக்கோடு நடந்தன. 2022இல் இலங்கையில் நாள் ஒன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு வந்தபோது தெருவிளக்குகளையும் அணைத்தார்கள். ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படிப்பட்ட நாள் வரும்வரை காத்திருக்காமல், இருக்கும்போதே ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்வதுதான் சட்டம்.

சட்டம் எல்லாக் கட்டடத்தையும் பிடிப்பதில்லை. இணைப்புச் சுமை 100 கிலோவாட், அல்லது ஒப்பந்தச் சுமை 120 கேவிஏ, அதற்கு மேல் உள்ள வணிகக் கட்டடங்களுக்குத்தான் ஈசிபிசி. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை 2022இல் திருத்திப் பெரிய குடியிருப்புகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். மத்திய அரசு விதி எழுதினாலும், மாநிலமும் நகராட்சியும் தம் கட்டட விதிகளில் சேர்த்து, வரைபடத்துக்கு அனுமதி தரும் மேசையில் ஒருவர் அதைப் படித்துப் பார்த்தால்தான் உயிர் வரும். அந்த மேசையில் இருப்பவரும் ஒரு கைங்கரியக்காரர்தான்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கும், தளம் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கும், அந்த வேலையைச் செய்யும் இளம் பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாவி கைமாறும் நாளில் பூஜை முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு வாசலில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள். 15 நிமிடத்தில் அணைகிறதா? உள்ளே ஒருவரை அசையாமல் உட்காரவைத்துப் பாருங்கள். எரிந்துகொண்டே இருக்கிறதா? நண்பகலில் ஜன்னல் வரிசையை மட்டும் அணைக்க முடிகிறதா? மூன்றும் சரியாக நடக்கும்வரை கான்ட்ராக்டரின் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். அந்தக் கட்டடத்தின் விளக்குகளுக்கு யார் பொறுப்பு என்று ஒரு பெயரையும் அன்றே எழுதி டிபி பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.