கைராசியும் வெயிலும்

எங்கள் அம்மாவுக்கு ஒரு மனக்குறை உண்டு. முற்றத்து மூலையில் எத்தனை முறை மல்லிகை வைத்தாலும் பூப்பதில்லை. "எனக்குக் கைராசி இல்லையடி!" என்பாள்.

சென்ற சித்திரையில் இங்கிலாந்து போயிருந்தபோது அம்மாவின் நினைவுதான் வந்தது. இடம், கென்ட் மாவட்டத்திலுள்ள சிஸ்ஸிங்ஹர்ஸ்ட். பாழடைந்து கிடந்த அந்தப் பழைய மாளிகையை 1930-ல் வாங்கியவர்கள், எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் அவர் கணவர் ஹரால்ட் நிகல்சனும். கணவர் நூல் பிடித்தாற்போல் பாதை வகுத்தார். மனைவி அதன் ஓரமெல்லாம் செடிகளைப் பொங்கி வழிய விட்டார். வசந்தத்தில் அங்கே டாஃபொடிலும் டியூலிப்பும் பூத்துக் குலுங்குவதைப் பார்க்க இரண்டு கண்கள் போதாது!

அப்பேர்ப்பட்ட அம்மையாருக்கும் ஒரு மூலை வசப்படவில்லை என்றால் நம்புவீர்களா?

1935-ல் தம்பதி கிரேக்க நாட்டு டீலாஸ் தீவுக்குப் போனார்கள். இடிபாடுகளுக்கு நடுவே காட்டுப் பூக்கள் சிரிப்பதைக் கண்டு சொக்கிப் போனார்கள். ஊர் திரும்பியதும் அதே போலக் கற்களைப் பரப்பிச் செடிகள் வைத்தார்கள். பலன் இல்லை. கென்ட்டின் களிமண்ணில் நீர் தேங்கியது, சரிவோ வடக்குப் பார்த்தது, வெயில் போதவில்லை. ஆசை நிறைவேறாமலே 1962-ல் வீட்டா காலமானார்.

தோட்டம் 1967-ல் நாஷனல் டிரஸ்ட் வசம் வந்தது. பல்லாண்டுகளுக்குப் பின் அந்த மூலையைத் திருத்தும் பொறுப்பு, டான் பியர்சன் என்ற தோட்டக் கலைஞரின் நிலையத்துக்குக் கிடைத்தது. அவர்கள் செடியை மாற்றுவதோடு நிற்கவில்லை, நிலத்தையே மாற்றினார்கள்! சரிவு தெற்குப் பார்க்கும்படி மண்ணைத் திருப்பி, கென்ட் கற்களால் படிப்படியாகத் தளம் கட்டி, தண்ணீர் தேங்காமல் வடிய வழி செய்தார்கள்.

நான் போன அன்று அங்கே இளவெயில் காய்ந்துகொண்டிருந்தது. பாட்டில் தக்கைக்குப் பட்டை தரும் கார்க் ஓக் மரம், நம் ஊர்க் கள்ளிக்கு உறவான யூஃபோர்பியா, கல்லிடுக்கில் ஓமவல்லி போல் மணக்கும் தைம் எல்லாம் சொந்த ஊரில் இருப்பது போலக் குடியிருந்தன. பார்க்க வேண்டியவர்தான் இல்லை. எனக்குத் தொண்டையை அடைத்தது.

அன்றிரவே அம்மாவுக்கு டெலிபோன் செய்தேன். "கைராசியெல்லாம் ஒன்றுமில்லை அம்மா. தொட்டியை மாடிக்கு, வெயிலுக்குக் கொண்டு போ."

"இத்தனை வருஷமாக ஒருத்தரும் சொல்லவில்லையே!" என்றாள் அம்மா.

ஆடி மாதம் நான் ஊர் திரும்பியபோது, அம்மாவின் கொண்டையில் நாலே நாலு மல்லிகை. வீட்டுப் பூ!