எந்த அடுப்பில் வெந்த சோறு

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகும் வழியில் உழவர்கரை. 1745 நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாளன்று அங்கே ஒரு பெரிய விருந்து நடந்தது. புதிதாக எழுந்த அந்திரேயா கோயிலுக்காக வைத்த விருந்து அது. ஆளுநர் டூப்ளே வந்திருந்தார். கோயிலைக் கட்டியவர் கனகராய முதலியார். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும்; நகரத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு முதல் ஆள்.

பதவிப் பெருமைக்காக எழுந்த கோயில் இல்லை அது. முதலியாரின் ஒரே மகன் வேலவேந்திரன் 1739இல் இறந்துபோனான். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் அவன் பெயர் நிலைக்க ஆறு வருஷம் கழித்து எழுப்பிய கோயில். ஒரு குடும்பத்தின் துக்கம் ஊரார் மண்டியிட்டுச் செபிக்கும் இடமாக மாறியிருக்கிறது. குடும்ப செபம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் இந்தப் பக்கத்தில் தேடினாலும் கிடைக்காது.

விருந்தைத் தம் நாட்குறிப்பில் நமக்குச் சொல்பவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டியார், தட்டார், நெசவாளர், வாணியர், வெள்ளைக்காரர் என்று எல்லோருக்கும் அழைப்பு. ஒருவரையும் விடவில்லை. ஆனால் அவரவர் ஆசாரம் கெடாதபடி சமையல் தனித்தனியாக நடந்தது. பிராமணருக்குப் பிராமணரே சமைத்தார்கள். கோயில் ஒன்று, அடுப்பு பல.

இதே நாட்குறிப்பைச் சில பக்கங்கள் பின்னோக்கிப் புரட்டினால், அந்த அக்டோபரில் புதுச்சேரி சம்பா கோயிலில் நடந்த கலகம் வருகிறது. அந்தக் கோயிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் பறையர்கள். ஒதுக்கப்பட்டவர்கள் பாதிரியாரிடம் போய் நேராகவே கேட்டார்கள்: நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, ஆண்டவர் முன்னால் எங்களுக்கு மட்டும் ஏன் தனி இடம்? கேள்வி நியாயமாகப் பட்டது. சுவரை இடிக்கச் சொன்னார். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சாதிக் கிறிஸ்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. விவகாரம் ஆளுநர் வரைக்கும் போயிற்று.

சுவர் விழுந்து ஆறேழு வாரத்தில்தான் உழவர்கரை விருந்து. கோயிலுக்குள் சுவரை இடிக்கப் பாதிரியாரின் ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அடுப்புகளை ஒன்றாக்கும் வார்த்தையை வீட்டுத் தலைவர்தான் சொல்லியிருக்க முடியும். அவர் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் அழைத்தவர்களில் பாதிப் பேர் கை நனைக்காமலே திரும்பியிருப்பார்கள் என்பதும் உண்மை. முதலியாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மனம் வரவில்லை. 1746 பிப்ரவரியில், விருந்து நடந்த மூன்று மாதத்துக்குள், அவரும் இறந்துபோனார்.

அன்று மதமும் பதவியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. துபாஷ் நைனியப்பப் பிள்ளை இந்து. 1716இல் கைதாகி மறு வருஷமே சிறையில் மாண்டார். அவர் மகன் குருவப்பர் பிரான்சுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பி அப்பாவின் பதவியில் அமர்ந்தார். கனகராயருக்குப் பிறகும் அந்த இடத்துக்குக் கிறிஸ்தவரே வரவேண்டும் என்று பாதிரிமார் மன்றாடினார்கள்; 1747இல் ஆனந்தரங்கருக்குத்தான் கிடைத்தது. தலைவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. அவர் வீட்டுப் பந்தியில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று கேட்க அந்தக் கேள்வி நீளவே இல்லை.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் இன்றைக்கும் ஊர் என்றால் ஒரு பக்கம், பேட் எனப்படும் தலித் குடியிருப்பு என்றால் இன்னொரு பக்கம். வில்லியனூர் லூர்து மாதா கோயிலில் ஈஸ்டருக்குப் பிந்திய திருவிழாவில் எல்லோரும் கலந்துதான் நிற்கிறார்கள், இந்துக்களும் சேர்த்து. 2003இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் சாதியைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. மேலிருந்து சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

மீதி இருப்பது அன்பியத்தில். பங்கை முப்பது நாற்பது குடும்பங்கள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, முறை வைத்து வீட்டுக்கு வீடு கூடிச் செபிக்கும் சின்னக் குழு அது. பாய் விரிப்பார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், செபமாலை சொல்லி, பைபிளில் ஒரு பகுதி வாசித்துப் பேசுவார்கள். முடிந்ததும் சுண்டலும் டீயும். அன்பியத் தலைவராக இருப்பவர் கொத்தனாராகவோ டீச்சராகவோ பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவராகவோ இருக்கலாம். கனகராயருக்கு இருந்த பல்லக்கு இவருக்கு இல்லை. ஆனால் கனகராயர் சொல்லாமல் போன வார்த்தை இவர் கையில் இருக்கிறது. சாதிக்கொரு பந்தி போடாமல் எல்லோரையும் ஒரே பாயில் உட்காரவைக்க இவரால் முடியும். நோட்டைத் திறந்து பேட்டில் இருக்கும் வீட்டையும் முறையில் எழுதலாம். எழுதிய வாரத்தில் தன் மனைவி மக்களோடு முதல் ஆளாகப் போய் அந்த வீட்டுப் பாயில் உட்காரலாம். அந்த அடுப்பில் வெந்த சுண்டலைக் கை நீட்டி வாங்கி, பக்கத்தில் இருக்கும் தன் பிள்ளை கையில் முதலில் கொடுக்கலாம்.