கொடுவா தேடிய இரவு

கடலோரத்தில் வாழும் நம்மிற் பலருக்குக் கடலின் பகல் தெரியும், இரவு தெரியாது. மாலையிற் காற்று வாங்கப் போகின்றோம். விளக்கு வைக்கும் வேளைக்கு வீடு திரும்பிவிடுகின்றோம். இவ்வழக்கம் சோம்பலினால் மட்டும் வந்ததன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தத்தின்போது இரவுக் கடல் பல காலம் தடுக்கப்பட்ட கடலாயிருந்தது. அதனிடையே 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்து போயிற்று. இன்று நாற்பதைக் கடந்து நிற்கும் எம் போன்றோர் இருளையும் கடலையும் ஒருசேர அஞ்சிக்கொண்டே வளர்ந்தோம்.

அந்த அச்சத்தை ஓர் இரவு முழுவதும் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கடந்த மாசி மாதத்திற் கிட்டியது. நாம் ஆசிரியப் பணியேற்ற புதிதில் எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது பாலமீன்மடுப் பக்கத்திற் கடற்றொழில் செய்கின்றார். அமாவாசைக்கு மறுநாள் இரவு கொடுவாவுக்குத் தூண்டில் போடப் புறப்பட்டவர், பன்னிரண்டு வயது மகனையும் முதன் முறையாக அழைத்துச் செல்ல எண்ணினார். மனைவி சம்மதிக்கவில்லை. ஆழிப்பேரலையில் தாயையும் தந்தையையும் ஒருங்கே இழந்தவர் அவர்.

“நீங்களும் வந்தா அவட மனம் கொஞ்சம் ஆறும், சேர்” என்றார் மாணவர்.

“பையன் படிக்கின்ற பிள்ளை. அவனுக்கு இந்தத் தொழில் எதற்குத் தம்பி?” என்று கேட்டோம்.

“தொழிலுக்கில்ல சேர். கடலுக்குப் பயந்து வளரக் கூடாது. அதுக்குத்தான்.”

அதற்குமேல் மறுத்துச் சொல்ல எம்மிடம் ஒன்றுமில்லை.

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலமீன்மடுவை அடுத்துள்ள முகத்துவாரத்தில் அது கடலோடு கலக்கின்றது. 1913ஆம் ஆண்டில் எழுந்த வெளிச்சவீடு அண்மையில் நிற்கின்றது. கோடையில் அலை ஒதுக்கும் மணல் ஆற்றுவாயை அடைத்துவிடும். மாரி வெள்ளம் பெருகும்போது அது திறக்கும். வேண்டியவிடத்து வெட்டியும் விடுவார்கள். வெளியேறும் நீரோடு இறாலும் சிறுமீனும் வரும். அவற்றுக்காகக் கொடுவா காத்திருக்கும்.

‘பாஸ்’ என்னும் ஆங்கிலப் பெயர் பல மீன்களுக்குப் பொது. ஐரோப்பியக் கரைகளில் இரவு இரவாக நின்று பிடிக்கும் பாஸ் வேறு. எமது கொடுவா வேறு. ஆசியக் கடற்பாஸ் என்று நூல்கள் கூறுவதும், அவுஸ்திரேலியர் பரமண்டி என்று கொண்டாடுவதும் இக்கொடுவாவையே. நன்னீரிலும் உவர்நீரிலும் வாழ வல்லது. 60 கிலோகிராம் வரை வளரக்கூடியது. ஆறுகளிலும் வாவிகளிலும் வளர்ந்து, முட்டையிடுவதற்குக் கழிமுகத்தை நாடி வருவது. இன்னொரு விந்தையும் உண்டு. பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணாக மாறுகின்றன. இதனை நாம் எடுத்துச் சொன்னபோது மாணவர் சிரித்தார். “பெரிசில நான் ஆணே கண்டதில்ல சேர். எங்கட அப்பாவும் அதத்தான் சொல்லுவார்” என்றார்.

பொழுது சாயுமுன் வாவிப் பக்கத்து ஆழமற்ற நீரில் வீச்சுவலை எறிந்து மணலைக் குஞ்சுகள் சிலவற்றை உயிரோடு பிடித்து வாளியில் விட்டார். போத்தலிற் சுற்றிய தங்கூசியை அவிழ்த்துப் பார்த்தார். தூண்டிலை அடுத்த சிறு நீளத்துக்கு மட்டும் தடித்த தங்கூசியைத் தனியாக முடிந்தார். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோலக் கூரியது. மெல்லிய நூலாயின் ஒரே உலுப்பில் அறுத்துவிடும். அதனாலேயே, அகப்பட்ட மீனின் செவுளுக்குள் விரலை விடலாகாது என்று மகனுக்கு இருமுறை சொன்னார்.

இருண்டபின் அவர் இடம் தெரிந்த விதம் எம்மை வியக்க வைத்தது. வெளிச்சம் அடிக்கவில்லை. கரையோரம் மெல்ல நடந்து செவி கொடுத்தார். ஆற்றுநீர் விரைந்தோடும் ஓசை ஓரிடத்தில் மாறுகின்றது. ஓட்டமும் தேக்கமும் சந்திக்கும் விளிம்பு அதுவே. இரைக்குக் காத்திருக்கும் மீன் ஓட்டத்தினுள் நின்று களைப்பதில்லை. விளிம்பிலேதான் நிற்கும் என்று விளக்கினார். நாம் வகுப்பில் நூலைப் படிப்பிக்கின்றோம். அவர் மகனுக்கு நீரைப் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

மகனோ தந்தையின் சேட்டு நுனியைப் பற்றியபடியே இருந்தான். அலை சற்று உயர்ந்து கேட்டபோதெல்லாம் பின்னே திரும்பி வீதியைப் பார்த்தான். அவன் அந்த அலையைக் கண்டவனல்லன். அது வந்து சில ஆண்டுகள் கழிந்தபின் பிறந்தவன். ஆயினும் தாயின் அச்சம் அவனுக்குச் சீதனம்போல வந்து சேர்ந்திருந்தது.

ஒன்பது மணிக்குக் கைத்தொலைபேசி ஒலித்தது. தாய்தான். பத்துக்கும் ஒலித்தது, பன்னிரண்டுக்கும் ஒலித்தது. “இரிக்கம் புள்ள, ஒண்டுமில்ல” என்று ஒவ்வொரு முறையும் ஒரே மறுமொழி. அதன்பின் அழைப்பு வரவில்லை.

இரவு நீண்டது. வாடைக்காற்றிற் குளிர் இருந்தது. சுடுநீர்ப் போத்தலிலிருந்த வெறுந்தேநீரை மூவரும் பகிர்ந்தோம். இருமுறை இரை மாத்திரம் பறிபோயிற்று. தென்கிழக்கே கேட்டை எழுந்து செந்நிறமாக மேலேறிக்கொண்டிருந்தது. சற்றுத் தொலைவில் நீரைக் கையால் அறைந்தாற்போல ஒரு சத்தம் எழுந்தது. பையன் நடுங்கினான். “அதுதான் கொடுவா. வாயத் துறந்து இரைய உறிஞ்சிற சத்தம்” என்றார் தந்தை. மறுபடியும் சத்தம் எழுந்தது. இம்முறை பையன் நடுங்கவில்லை. அது எந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்டினான்.

மூன்று மணியளவில் தங்கூசி அவன் விரல்களிடையே இருந்தது. ஒரு தட்டு, பின்னர் ஓர் இழுவை. தந்தை நூலை வாங்கவில்லை. “விடு... விடு... இப்ப இழு” என்று மாத்திரம் சொன்னார். இருளில் ஏதோ துள்ளி விழுந்தது. நூல் ஓடியது, நின்றது, மீண்டும் ஓடியது. பையன் தன்னை அறியாமல் முழங்கால் அளவு நீரில் இறங்கி நின்றான். அதைத் தந்தை கண்டார், நாமும் கண்டோம். இருவரும் வாய் திறக்கவில்லை.

கரைக்கு வந்த மீன் நான்கு கிலோவுக்குக் குறையாது. ரோச் வெளிச்சத்தில் அதன் கண் செந்தணலாய் ஒளிர்ந்தது.

கிழக்கு வெளுக்கும்போது மீனைச் சுமந்து வீட்டுக்குப் போனோம். அத்தாய் விறாந்தையில் அமர்ந்திருந்தார். பாய் விரிக்கப்பட்டிருக்கவில்லை. கைத்தொலைபேசி மடியிற் கிடந்தது. உறங்கியிருப்பார் என்றே நாம் எண்ணியிருந்தோம்.

“பிறகு ஏன் பிள்ளை பேசவில்லை?” என்று கேட்டோம்.

“ஒவ்வொரு மணிக்கும் எடுத்தா அவனுக்கும் பயம் வருந்தானே, சேர்” என்றார். மீனைப் பார்க்கவில்லை, முழங்கால்வரை நனைந்திருந்த மகனின் காற்சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எழுந்து உலர்ந்த துவாயொன்றைக் கொண்டுவந்து அவன் கால்களைத் துடைத்தார்.

துணிவைப் பற்றி நாம் வகுப்பறைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கின்றோம். வீரர்களின் கதைகளையே அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். இனி அவற்றோடு வேறொன்றையும் சேர்த்துச் சொல்வோம். பன்னிரண்டு மணிக்கும் விடியலுக்கும் இடையே, கையிலிருந்த தொலைபேசியை அழுத்தாமல் இருந்த தாயின் துணிவு அது. பிள்ளைக்கு நிலம் எழுதி வைக்கின்றோம், நகை சேர்க்கின்றோம். எமது அச்சத்தை அவனுக்கு எழுதி வையாமல் விடுவதும் ஒரு முதுசந்தான்.