விளையாட்டுக்குள் தமிழைக் கொண்டுசெல்லுதல்



என் வகுப்பு மாணவர் பலர் மைன்கிராஃப்ட் விளையாடுபவர்கள். அவ்விளையாட்டில் தமிழும் உண்டு என்பதைப் பெற்றோர் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். கணினிக்குரிய ஜாவா பதிப்பில், தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பிள்ளைகளின் கைப்பேசியிலும் ஐபேடிலும் இயங்குவது பெட்ராக் பதிப்பு. அதன் மொழிப்பட்டியலில் தமிழ் இல்லை.

"அதிலிருப்பதை இதில் போட்டுக்கொள்ள முடியாதா, ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான்.

அப்படியே போட இயலாது. முதற்பதிப்பு ஜாவா மொழியிலும் மற்றது சி பிளஸ் பிளஸ் மொழியிலும் எழுதப்பட்டவை. ஆகவே ஒன்றுக்கென எழுதிய 'மாட்' மற்றொன்றில் ஓடாது. அதன் நிரலைப் புதிதாகவே எழுதவேண்டும். சொற்களின் நிலை வேறு. ஜாவா பதிப்பின் சொற்கோப்பில் மேற்கோள்குறிகளும் முக்காற்புள்ளியும் வரும். பெட்ராக்கில் சமக்குறி மட்டுமே. பொருள்களின் குறிப்பெயர்களும் மாறுபடும். வரிவரியாகப் பொருத்தி, வளத்தொகுப்பாகச் சேர்த்து இயக்கினால், மொழிப்பட்டியலில் தமிழ் தோன்றும்.

இது தமிழுக்குப் பழகிய வேலைதான். முன்பு எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறியதால், ஒரு கணினியில் தட்டெழுதிய பாடம் மற்றொன்றில் சிதைந்து தெரிந்தது. அச்சிக்கலைப் பேசுவதற்கு 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது நம் சிங்கப்பூரில்தான். அதில் முன்னின்றவர் கல்வியாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி.

வகுப்பில் 50 சொற்களோடு தொடங்கினோம். பாறையை உடைத்தால் கிடைக்கும் 'காபிள்ஸ்டோன்' என்பதற்கு ஒருவன் 'கூழாங்கல்' என்றான். "கூழாங்கல் ஆற்றுநீரில் தேய்ந்து வழவழப்பானது, இது உடைத்த கல்லாயிற்றே!" என மறுத்தாள் ஒரு மாணவி. இறுதியில் 'உடைகல்' என்று முடிவாயிற்று. மற்றொருவன் வீட்டில் பாட்டியிடம் கேட்டு 'ஜல்லி' என்ற சொல்லைக் கொண்டுவந்தான். பாடநூலில் நான் கற்பித்திராத சொல் அது.

நம் பிள்ளைகளுள் பலருக்குத் தமிழ், பாடவேளை முடிந்ததும் பைக்குள் போய்விடும் மொழியாக உள்ளது. அவர்கள் விரும்பிச் செலவிடும் நேரத்திலும் அது கண்ணில் படவேண்டும். பெற்றோரே, விளையாட்டை நிறுத்தச் சொல்லும் முன், இன்று உடைத்த கல்லின் தமிழ்ப்பெயர் என்னவென்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.